மூப்படையும் கியூபெக்: குடிவரவால் எவ்வளவு ஈடுசெய்ய முடியும்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் 65 வயதை எட்டியவர் அல்லது கடந்தவர். 2024 ஆம் ஆண்டில் அங்கு பிறந்தோரின் தொகையும் இறந்தோரின் தொகையும் கிட்டத்தட்ட சமமாகிவிட்டன. இரண்டுமே சுமார் 78,000. வெளியிலிருந்து எவரும் வராவிட்டால் மாகாணத்தின் மக்கள் தொகை இனி வளராது; வேலை செய்யும் வயதினரின் தொகை சுருங்கும் என்பதே இதன் பொருள்.

இந்நிலையிலும், குடிவரவாளர்களை அதிகமாக ஏற்பதா அல்லது குறைப்பதா என்பதே மாகாண அரசியலில் அண்மைய ஆண்டுகளின் மிகச் சூடான விவாதமாக இருந்து வந்துள்ளது. இவ்விவாதத்தின் மையம் மொன்றியல். கியூபெக்குக்கு வருவோரில் மிகப் பெரும்பாலானோர் குடியேறுவது இந்நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலுமே. 2021 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மாகாணம் முழுவதிலும் குடிவரவாளர்கள் 14.6 வீதம், மொன்றியல் பெருநகரப் பகுதியில் அவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர்.

முதுமை எய்தும் பொருளாதாரத்துக்குக் குடிவரவு உண்மையில் எவ்வாறு உதவுகிறது? அந்த உதவியின் எல்லை எது? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழர்களும் வாழ்ந்துவரும் மொன்றியலின் அனுபவம் இக்கேள்விகளுக்குத் தெளிவான சில விடைகளைத் தருகிறது.

நிறைந்திருந்த தொட்டில்கள்

இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள இரண்டு தலைமுறைகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1950களின் இறுதிவரை கியூபெக் பெண் ஒருவருக்குச் சராசரியாக ஏறக்குறைய நான்கு குழந்தைகள் பிறந்தன. ஆங்கிலம் பேசும் பெரும்பான்மைக்கு நடுவே பிரெஞ்சு மொழிச் சமூகம் நிலைத்து நிற்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை ஊக்குவித்த பெரிய குடும்பங்களே காரணம் என்று அக்காலத்தில் பெருமையுடன் பேசப்பட்டது.

1960களில் திருச்சபையின் பிடி தளர்ந்தது. பெண்கள் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முன்னேறினர். கருத்தடை முறைகள் பரவின. பத்தே ஆண்டுகளில், 1970 அளவில், கருவள வீதம் மக்கள் தொகையைத் தக்கவைக்கத் தேவையான 2.1 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 1987 இல் அது 1.36 ஆக வீழ்ந்தது.

மாகாண அரசு கைகட்டி நிற்கவில்லை. 1988 முதல் குழந்தை பெறும் குடும்பங்களுக்கு ரொக்கத் தொகை வழங்கியது. 1997 இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களைத் தொடங்கியது. 2006 இல் பெற்றோர் விடுப்புக்கெனத் தனிக் காப்புறுதித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வட அமெரிக்காவில் வேறெங்கும் காண முடியாத அளவு தாராளமான இத்திட்டங்களால் பெண்கள் வேலைக்குச் செல்வது பெருகியது. பிறப்பு வீதமும் சில ஆண்டுகள் உயர்ந்தது. ஆனால் அந்த உயர்வு நிலைக்கவில்லை. 2024 இல் கருவள வீதம் 1987 ஆம் ஆண்டின் அளவுக்கும் கீழே சென்றது.

கனடிய மக்கள் தொகையில் கியூபெக்கின் பங்கும் இதே காலத்தில் சரிந்தது. 1961 இல் 28.8 வீதமாக இருந்த அது 2021 இல் 23 வீதமாகியது. எனவே குடிவரவு என்பது கியூபெக்கைப் பொறுத்தவரை பொருளாதாரப் பிரச்சினை மட்டுமன்று. கூட்டாட்சிக்குள் அதன் அரசியல் எடையையும் பிரெஞ்சு மொழியின் எதிர்காலத்தையும் தொடும் பிரச்சினையுமாகும்.

ஊதியச் சீட்டில் தெரியும் முதுமை

சமூகம் மூப்படைவதன் விலையை ஒவ்வொரு தொழிலாளியும் தமது ஊதியச் சீட்டிலேயே காணலாம். 1966 இல் கனடாவின் ஏனைய பகுதிகளுக்கென ஓர் ஓய்வூதியத் திட்டமும், கியூபெக்குக்கென அதற்கு இணையான தனித் திட்டமும் தொடங்கப்பட்டன. அப்போது தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்திய பங்களிப்பு, கணக்கில் கொள்ளப்படும் ஊதியத்தில் 3.6 வீதம் மட்டுமே. இரு திட்டங்களுக்கும் அதே வீதம்தான்.

2017 இல் கியூபெக் திட்டத்தின் வீதம் 10.8 ஆக இருந்தது. ஏனைய கனடாவில் அது 9.9 வீதம். ஏறக்குறைய ஒரே மாதிரியான ஓய்வூதியத்துக்காகக் கியூபெக் தொழிலாளி கூடுதலாகச் செலுத்த நேர்ந்தமைக்கு, அம்மாகாணம் விரைவாக மூப்படைந்ததும், அதன் மக்கள் தொகையோடு ஒப்பிடுகையில் அங்கு வந்து சேர்ந்த குடிவரவாளர்கள் குறைவாக இருந்ததும் முக்கிய காரணங்களாகும்.

இத்திட்டங்களின் அடிப்படை எளிமையானது. இன்று வேலை செய்பவர் செலுத்தும் பணத்தில் கணிசமான பகுதி இன்று ஓய்வுபெற்றிருப்பவருக்குச் செல்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் கனடாவில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு ஏழு தொழிலாளர்கள் இருந்தனர். 2035 அளவில் அது இரண்டாகக் குறையும் என்று கனடியக் குடிவரவு அமைச்சு கணித்துள்ளது. ஏழு தோள்கள் சுமந்த பாரத்தை இரண்டு தோள்கள் சுமக்க வேண்டும் என்பதே முதுமைப் பொருளாதாரத்தின் சாரம்.

வருவோர் எதைக் கொண்டுவருகின்றனர்?

குடிவரவின் முதல் நன்மை வயதில் உள்ளது. 2016 முதல் 2021 வரை கனடாவுக்கு வந்து குடியேறியவர்களில் சுமார் 64 வீதமானோர் 25 முதல் 54 வயதுக்குட்பட்டோர். 65 வயதை எட்டியோர் 5 வீதத்துக்கும் குறைவு. இவர்களது பள்ளிக் கல்விக்கும் சிறுவயது மருத்துவத்துக்கும் செலவிட்டது வேறொரு நாடு. வளர்த்து, படிக்கவைத்து, உழைக்கத் தயாரான நிலையில் ஒருவரைப் பெறுவது ஏற்கும் நாட்டுக்குக் கிடைக்கும் பெரும் சேமிப்பு. அனுப்பும் நாட்டுக்கு அதே அளவு இழப்பு என்பதும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது.

இரண்டாவது நன்மை தொழிலாளர் தொகையின் வளர்ச்சி. மேற்குறிப்பிட்ட ஐந்து ஆண்டுகளில் கனடாவின் தொழிலாளர் தொகையில் ஏற்பட்ட அதிகரிப்பில் ஐந்தில் நான்கு பங்கு குடிவரவாளர்களால் வந்தது என்று கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் தெரிவித்தது. அதேவேளை, வேலை செய்யும் வயதினரில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் 55 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களாக, அதாவது ஓய்வின் வாசலில் நிற்பவர்களாக இருந்தனர்.

மூன்றாவதாக, மூப்படையும் சமூகத்துக்கு எந்த வேலைகள் மிகுதியாகத் தேவையோ அவற்றிலேயே குடிவரவாளர்கள் செறிந்துள்ளனர். மருத்துவமனைத் தாதியர், வீட்டுப் பராமரிப்புப் பணியாளர், துப்புரவாளர், சமையலாளர், பேருந்துச் சாரதி என்று அப்பட்டியல் நீளும். கனடா முழுவதிலும் மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் குடிவரவாளர்களே.

தெரிவு செய்யப்படாமல் வந்தவர்கள்

1967 இல் கனடா புள்ளி முறையை அறிமுகப்படுத்தியது. கல்வி, மொழி, வயது, தொழில் அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. பிறந்த நாடும் நிறமும் தகுதியாகக் கருதப்பட்ட காலம் அத்துடன் முடிவுற்றது. மறு ஆண்டு கியூபெக் தனது சொந்தக் குடிவரவு அமைச்சை நிறுவியது. 1991 இல் கனடிய மத்திய அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் மூலம், பொருளாதார அடிப்படையில் வருவோரைத் தானே தெரிவுசெய்யும் அதிகாரத்தை உறுதிப்படுத்திக்கொண்டது. பிரெஞ்சு மொழி தெரிந்தோருக்கு அங்கு முன்னுரிமை கிடைத்தது.

ஆனால் மொன்றியலின் தமிழர்களில் பெரும்பாலோர் இந்தப் புள்ளிகளால் தெரிவானவர்கள் அல்லர். இலங்கையில் 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின்னர் உயிர் தப்பி வந்த அகதிகள் அவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். கனடியப் பொதுமக்கள் பலருக்கு இலங்கைத் தமிழர் என்ற பெயரே அப்போதுதான் அறிமுகமாகியது. கரைசேர்ந்தவர்கள் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் புதிய வாழ்வைத் தொடங்கினர்.

பார்க் எக்ஸ்டென்ஷன், கோட் டெ நேஜ் ஆகிய வாடகை குறைந்த பகுதிகளில் குடியமர்ந்த அந்தத் தலைமுறை உணவகச் சமையற்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் இரவுப் பணிகளிலும் உழைத்தது. ஷபனெல் வீதியைச் சுற்றியிருந்த ஆடைத் தொழிற்கூடங்கள் தெற்காசியப் பெண்கள் பலருக்கு முதல் வேலையைத் தந்தன. 2005 தொடக்கத்தில் உலக ஆடை வணிகத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கியதும் அத்தொழிலின் வீழ்ச்சி மேலும் விரைந்தது. தமிழர்களில் ஒரு பகுதியினர் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தனர். தங்கியவர்கள் கடைகளைத் திறந்தனர், வீடுகளை வாங்கினர், புறநகரான டொலார் டெ ஓர்மோவில் முருகன் ஆலயத்தை எழுப்பினர்.

1977 ஆம் ஆண்டின் 101ஆம் இலக்கச் சட்டப்படி அவர்களது பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைகளில் படித்தனர். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, வெளியில் ஆங்கிலம் என்று மும்மொழி கற்ற இத்தலைமுறையை எந்தப் புள்ளி முறையாலும் தெரிவுசெய்திருக்க முடியாது. பொருளாதாரக் காரணங்களுக்காக ஏற்கப்படாதவர்களும் பொருளாதாரத்தைத் தாங்குகின்றனர் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

குடிவரவாளருக்கும் வயதாகும்

இங்குதான் குடிவரவின் முதல் எல்லை வெளிப்படுகிறது. 1985 இல் 25 வயதில் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கியவருக்கு 2025 இல் வயது 65. நேற்று ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டியவர் இன்று அதைப் பெறுபவராகிறார்.

கனடாவின் முதியோர் பாதுகாப்பு உதவித்தொகை பொது வரிப்பணத்திலிருந்து வழங்கப்படுவது. அதனை முழுமையாகப் பெற 18 வயதுக்குப் பின்னர் 40 ஆண்டுகள் கனடாவில் வசித்திருக்க வேண்டும். குறைந்தது பத்து ஆண்டுகளாவது வசித்திருந்தால்தான் நாட்டுக்குள் அது கிடைக்கும். முப்பது வயதில் வந்தவருக்கு 65 வயதில் நாற்பதில் முப்பத்தைந்து பங்கு. நாற்பது வயதில் வந்தவருக்கு இருபத்தைந்து பங்கு. ஊதியம் குறைந்த வேலைகளிலேயே காலம் கழித்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியமும் சிறிதாகவே இருக்கும். வருமானம் குறைந்த முதியோருக்கான துணை உதவித்தொகை ஒன்று இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. எனினும் இளமையில் வந்தவரைவிட நடுவயதில் வந்தவர் வறிய முதுமையை எதிர்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

வந்தவர்களும் மூப்படைவதால், மக்களின் சராசரி வயதைக் குடிவரவினால் நெடுங்காலத்துக்குக் குறைக்க முடியாது. ஐக்கிய நாடுகள் சபையின் மக்கள் தொகைப் பிரிவு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைக் கூர்மையாகக் காட்டியது. உழைப்போருக்கும் முதியோருக்கும் இடையிலான விகிதத்தைக் குடிவரவினால் மட்டும் தக்கவைக்க வேண்டுமாயின், தென் கொரியா 2050 ஆம் ஆண்டுக்குள் 500 கோடிக்கு மேற்பட்டோரை ஏற்க வேண்டியிருக்கும் என்று அது கணக்கிட்டது. எந்த நாட்டாலும் முடியாத காரியம் அது. கியூபெக் ஏற்கும் தொகையோ, சுமார் 90 இலட்சம் மக்களோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு ஒரு வீதத்துக்கும் குறைவு.

பொருளியலாளர்களின் ஐயம்

இந்த அடிப்படையில் சிலர் குடிவரவின் பயனையே கேள்விக்குள்ளாக்குகின்றனர். 2011 இல் பெனுவா தியூப்ரே, கியோம் மருவா ஆகிய இருவரும் எழுதிய நூல், குடிவரவைக் கியூபெக்கின் நோய்க்குக் கற்பனை மருந்து என்று வர்ணித்தது. மொன்றியலில் உள்ள கியூபெக் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் பியேர் ஃபோர்தான், 2022 இல் மாகாண அரசுக்கென எழுதிய அறிக்கையில், தொழிலாளர் பற்றாக்குறையைக் குடிவரவு தீர்க்கும் என்ற கருத்தை மறுத்தார்.

இவ்வாதத்தின் உட்பொருள் இதுதான்: ஓர் உணவகம் வெளிநாட்டுச் சமையற்காரர் ஒருவரை அமர்த்தினால் அந்த உணவகத்தின் குறை தீர்கிறது. ஆனால் அவருக்கு வீடு வேண்டும், பிள்ளைக்குப் பாடசாலை வேண்டும், மருத்துவர் வேண்டும். அந்த வீட்டைக் கட்டவும் பிள்ளையைப் படிப்பிக்கவும் வேறு தொழிலாளர்கள் தேவை. தனி நிறுவனத்துக்கு உண்மையாக இருப்பது முழுப் பொருளாதாரத்துக்கும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

2023, 2024 ஆகிய ஆண்டுகளின் அனுபவம் இந்த ஐயத்துக்கு வலுச்சேர்த்தது. கனடாவின் மக்கள் தொகை வேகமாகப் பெருகியபோதும், விலைவாசி உயர்வை நீக்கிக் கணித்த தலைக்குரிய உற்பத்தி அவ்விரு ஆண்டுகளிலும் குறைந்தது. மொன்றியலில் வீட்டு வாடகை உயர்ந்தது. குடிவரவை ஆதரித்துவந்த மக்களின் மனநிலையும் மாறியது.

எனினும் இவ்வாதம் ஒன்றைக் கணக்கில் எடுக்கத் தவறுகிறது. எல்லா வேலைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. உணவகம் ஒன்று மூடப்பட்டால் வாடிக்கையாளர் வேறிடம் செல்வார். நடக்க இயலாத முதியவரைக் கழுவித் துடைத்து உணவூட்டும் கை இல்லாவிட்டால் அதற்கு மாற்று இல்லை. அதனைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது.

பராமரிப்பு இல்லங்கள் கற்பித்த பாடம்

2020 வசந்த காலத்தில் கொரோனாத் தொற்றின் முதல் அலையில் கனடாவிலேயே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது கியூபெக். அங்கு இறந்தோரில் பெரும்பான்மையினர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலும் முதியோர் விடுதிகளிலும் வாழ்ந்தவர்கள். பணியாளர்கள் நோயுற்றனர், பலர் வேலைக்கு வரவில்லை. இறுதியில் கனடிய இராணுவத்தினர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். மாகாண அரசு பத்தாயிரம் பராமரிப்பு உதவியாளர்களை அவசரமாகப் பயிற்றுவிக்க முடிவுசெய்தது.

அவ்வில்லங்களில் தொடர்ந்து பணியாற்றியவர்களுள் ஹெய்ட்டியிலிருந்தும் ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் வந்து, புகலிடக் கோரிக்கை முடிவாகாமல் காத்திருந்தோர் பலர் இருந்தனர். காவல் தேவதைகள் என்று அரசாலும் ஊடகங்களாலும் அவர்கள் போற்றப்பட்டனர். 2020 ஆகஸ்டில் கனடிய மத்திய அரசு அவர்களுக்கு நிரந்தர வதிவிடம் வழங்கும் சிறப்புத் திட்டத்தை அறிவித்தது. ஆனால் நோயாளிகளை நேரடியாகப் பராமரித்தோருக்கு மட்டுமே அது திறந்திருந்தது. அதே கட்டடத்தைத் துப்புரவு செய்தவரும் வாசலில் காவல் நின்றவரும் அதில் சேர்க்கப்படவில்லை.

கைவிடப்படும் தகுதிகள்

குடிவரவின் பலன் எங்கே சிந்திப்போகிறது என்பதையும் மொன்றியல் காட்டுகிறது. கியூபெக்கில் 46 தொழில்சார் மன்றங்கள் உள்ளன. பொறியியலாளர், மருத்துவர், தாதியர், கணக்காளர் எவரும் உரிய மன்றத்தின் அனுமதியின்றி அத்தொழிலைச் செய்யவோ அப்பெயரைச் சூடவோ முடியாது. பொதுமக்களின் பாதுகாப்புக்கு இது தேவை. ஆனால் வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடுவதற்கு ஆகும் ஆண்டுகளும் செலவும், மீண்டும் எழுத வேண்டிய தேர்வுகளும் பலரை நடுவழியில் நிறுத்திவிடுகின்றன.

2021 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற குடிவரவாளர்களில் கால்வாசிக்கு மேற்பட்டோர் உயர்நிலைப் பள்ளிக் கல்வி மட்டுமே போதுமான வேலைகளில் இருந்தமை தெரியவந்தது. கனடாவில் பட்டம் பெற்றோரிடையே இது பத்து வீதமளவே. பொறியியலாளர் ஒருவர் வாடகைக்கார் ஓட்டும்போது அவர் செலுத்தும் வரியும் ஓய்வூதியப் பங்களிப்பும் குறைகின்றன. வயது இளமையானவரைப் பெற்ற நாடு, அவரது அறிவைப் பெறாமல் விடுகிறது.

தற்காலிகம் என்னும் நிலை

2019 இல் அப்போதைய முதல்வர் பிரான்சுவா லெகோவின் அரசு, ஆண்டுதோறும் ஏற்கும் நிரந்தரக் குடிவரவாளர் தொகையைச் சுமார் 51,000 இலிருந்து 40,000 அளவுக்குக் குறைத்தது. குறைவாக ஏற்று நன்றாகப் பராமரிப்பது என்பதே அதன் கொள்கையாகக் கூறப்பட்டது. ஆனால் ஆள் தேவை குறையவில்லை. நிறுவனங்கள் தற்காலிகத் தொழிலாளர்களையும் வெளிநாட்டு மாணவர்களையும் நாடின. சில ஆண்டுகளுக்குள் மாகாணத்தில் தற்காலிக அனுமதியுடனும் புகலிடக் கோரிக்கையுடனும் வசித்தோரின் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. முன்வாசலைக் குறுக்கியதால் பக்கவாசல் அகலமாகியது.

2024 அக்டோபரில் கனடிய மத்திய அரசும் திசை மாறியது. 2025 இல் 5 இலட்சம் பேரை ஏற்பது என்ற இலக்கு 3,95,000 ஆகக் குறைக்கப்பட்டது. 2025 நவம்பரில் கியூபெக் அரசு 2026 முதல் ஆண்டுக்கு 45,000 பேர் என்று அறிவித்ததுடன், மாகாணத்தில் படித்தோரும் வேலை செய்தோரும் நிரந்தர வதிவிடம் பெறும் வழியாக விளங்கிய கியூபெக் அனுபவத் திட்டத்தையும் நிறுத்தியது. ஏற்கனவே பிரெஞ்சு கற்று, வேலையிலமர்ந்து, வரி செலுத்திக்கொண்டிருந்த பலரின் எதிர்காலம் இதனால் கேள்விக்குறியாகியது.

தற்காலிக அனுமதியில் இருப்பவர் வீடு வாங்கத் தயங்குவார். அனுமதி ஒரே முதலாளியுடன் பிணைக்கப்பட்டிருப்பின் ஊதிய உயர்வு கேட்கவும் அஞ்சுவார். நாற்பது ஆண்டுகள் பங்களிக்கும் குடிமகனாக அவர் உருவாவதில்லை. மூப்படையும் பொருளாதாரத்துக்குத் தேவை நீண்டகாலப் பங்களிப்பாளர் என்றால், இது அந்தத் தேவைக்கே எதிரான ஏற்பாடு.

தமிழகத்தையும் எட்டும் கேள்வி

இது செல்வந்த நாடுகளின் கவலை மட்டுமே என்று கருதுவது தவறாகும். மக்களில் பத்தில் ஏறக்குறைய மூவர் 65 வயதைக் கடந்துவிட்ட ஜப்பான், நெடுங்காலத் தயக்கத்துக்குப் பின்னர் 2019 இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் புதிய விசா வகையைத் திறந்தது. தமிழ்நாட்டின் கருவள வீதம் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி 1.8. திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்சாலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி அவர்கள் அஞ்சி ஊர் திரும்ப முற்பட்டபோது, தொழில் துறையினர் கலங்கியமை நினைவிருக்கலாம். மொன்றியலில் தமிழர் நின்ற இடத்தில் திருப்பூரில் வேறொருவர் நிற்கிறார்.

கியூபெக்கின் அனுபவத்திலிருந்து பெறப்படும் முடிவு இதுதான். குடிவரவு ஒரு சமூகத்தை இளமையாக்குவதில்லை. முதுமையின் பாரத்தைச் சுமக்க அதற்குக் கால அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தின் நீளம், வருவோரின் எண்ணிக்கையைவிட, வந்தவரின் பட்டம் மதிக்கப்படுகிறதா, அவருக்கு நிலையான வதிவிடம் கிடைக்கிறதா, அவரது பிள்ளை அந்நாட்டை உரிமையுடன் தனதாகக் கருதுகிறதா என்பவற்றிலேயே பெரிதும் தங்கியுள்ளது. 1980களில் வந்த அகதிகளுக்கு மொன்றியல் இவற்றுள் பின்னிரண்டை வழங்கியது. இன்று முதியோர் இல்லங்களில் இரவுப் பணி செய்யும் புதியவர்களுக்கும் அவற்றை வழங்குமா என்பதே மாகாணத்தின் முன்னுள்ள கேள்வி.